சுவரில் மாட்டாத முகம்

என் மனைவி படம் வரைவாள் என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு நன்றாக வரைவாள் என்பது எங்கள் வீட்டு இரும்புக் கட்டிலுக்கு மட்டும்தான் தெரியும். வரைந்து முடித்ததை எல்லாம் பழைய வேட்டியில் சுற்றி அதன் அடியில்தான் தள்ளி வைப்பாள். யாராவது விருந்தாளி வந்து படுத்தால், தனக்குக் கீழே எத்தனை பேர் முகத்தை நீட்டிக்கொண்டு படுத்திருக்கிறார்கள் என்று தெரியாமலே தூங்கி எழுந்து போவார்.

அவள் ஓவிய ஆசிரியை இல்லை. நாமக்கல்லில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியை. எனக்கு சேலம் சாலையில் லாரி உதிரி பாகங்கள் விற்கும் கடை. ஆக, வீட்டில் இரண்டு பேருக்கும் கலையோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் கிடையாது. ஆனால் சனி, ஞாயிறு வந்தால் முட்டை அட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு பின்கட்டில் உட்கார்ந்துவிடுவாள். நாமக்கல்லில் முட்டை அட்டைக்குப் பஞ்சமா? அந்தக் குழிகளில் வண்ணத்தைப் பிழிந்து குழைத்துக்கொள்வாள். கோட்டை, குளம், கொல்லிமலை எதையும் தொட மாட்டாள். முகம்தான். அதுவும் தெரிந்தவர்கள் முகம்தான்.

அவள் ஒருவரைப் பார்க்கும் விதமே தனி. பால்காரரிடம் பேசிக்கொண்டே இருப்பாள். திடீரென்று அவள் பார்வை அவருடைய தாடையில் போய் நின்றுவிடும். அதற்குப் பிறகு அவர் என்ன சொன்னாலும் காதில் ஏறாது. அவர் போன பிறகு, "அவுரு என்னங்க சொன்னாரு?" என்று என்னிடம் கேட்பாள். நாளைக்குப் பால் வராது என்று சொல்லியிருப்பார்.

அத்தனை முகத்தையும் வரைகிறாளே, என்னை ஏன் வரையவில்லை என்று ஒருநாள் கேட்டேன். கோபத்தோடுதான் கேட்டேன். "உங்க மொகத்தப் பாத்துப் பாத்து எனக்குத் தெரியவே மாட்டேங்குதுங்க" என்றாள். இதற்கு மகிழ்வதா வருத்தப்படுவதா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அவள் வரைந்ததிலேயே எனக்குப் பிடித்தது அவளுடைய அண்ணனின் படம். என் மச்சானுக்குத் திருச்செங்கோட்டில் போர்வெல் தொழில். சொந்தமாக, ஆழ்துளை போடும் ரிக் லாரி ஒன்று. வருஷத்தில் பாதி நாள் வடக்கே எங்கேயாவது பாறையைத் துளைத்துக்கொண்டிருப்பார். உள்ளூரிலும் துளைப்பார். ஒருநாள் மத்தியானம் பக்கத்தில் எங்கோ வேலை முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்க எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். தலைமுடி, புருவம், இமை எல்லாம் கல்மாவு. சாம்பல் நிறத்தில் ஒரு ஆள். "ஊட்டுக்குள்ள வந்தா ஊடே நாறிப் போயிரும்" என்று கேட்டுக்கு வெளியிலேயே நின்று, செம்பைத் தூக்கிக் குடித்து, சிரித்துவிட்டுப் போனார். அவ்வளவுதான் நடந்தது. அந்த முகத்தை அவள் கித்தான் துணியில் கொண்டுவந்திருந்தாள். இமை முடியில் ஒட்டியிருந்த மாவுகூட இருந்தது. தண்ணீர் வழிந்த இடத்தில் மட்டும் தாடையில் அவருடைய சொந்த நிறம் கோடுபோட்டுத் தெரிந்தது. அதைப் பார்த்த அன்று நான் கடைக்குப் போகவில்லை. திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அண்ணனுக்கு மட்டும் அப்படி ஒரு படம் இருப்பதே தெரியாது.

பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள்தான் ஆரம்பித்தாள். ஓவியர்களுக்கென்றே ஒரு இணையதளம் இருக்கிறது, அதில் அம்மாவுக்கு ஒரு பக்கம் தொடங்கலாம் என்றாள். என் மனைவி வேண்டாம் என்பாள் என்று எதிர்பார்த்தேன். சரி என்றாள். எனக்கே ஆச்சரியம்.

"என்ன திடீர்னு? நாங்கதான் நல்லாருக்குன்னு சொல்றோமே" என்றேன்.

"நீங்க சொல்றது கல்யாண ஊட்டுல சாம்பாரு நல்லாருக்குன்னு சொல்றாப்பலங்க. சாப்புட்டவங்க வேற என்னத்தச் சொல்லுவாங்க? நம்மள யாருன்னே தெரியாத ஒருத்தரு, போற போக்குல ஒரு நிமிசம் நின்னு பாக்கோணும். எனக்கு அது போதுங்க."

இத்தனை வருஷத்தில் அவள் தனக்கென்று கேட்ட ஒன்று இது. கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தது படங்கள் மட்டும் இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலையைத் தொடங்கினோம். மகள் வீடியோ அழைப்பில் இருந்துகொண்டு அதிகாரம் செய்தாள். ஐந்து படங்களைத் தேர்ந்தெடுத்து மொட்டைமாடிக்கு எடுத்துப் போனோம். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஒவ்வொன்றாக நிற்க வைத்தோம். நான் பின்னால் வெள்ளைப் போர்வையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "அப்பா, உங்க விரல் தெரியுது", "அப்பா, உங்க தொப்பை தெரியுது" என்று பெங்களூரிலிருந்து திட்டு வந்தது. என் மனைவி ஸ்கேலை வைத்து ஒவ்வொரு படத்தையும் இரண்டு முறை அளந்தாள். கணக்கு டீச்சர் அல்லவா?

பிறகு கேள்விகள். பெயருக்கு இரண்டு கட்டம் இருந்தது. நமக்கு ஏது இரண்டாவது பெயர்? இனிஷியலைப் போட்டு ஒப்பேற்றினோம். அடுத்து, உங்களைப் பற்றிச் சில வரிகள் எழுதுங்கள் என்றது. இது நம்ம வேலை என்று நான் உட்கார்ந்தேன். கொங்கு மண்ணின் தூரிகைத் தாரகையே என்று தொடங்கி நன்றாகவே எழுதியிருந்தேன். அவள் படித்துவிட்டு, "இது எந்த எலக்சனுக்குங்க?" என்றாள். மகள் ஒன்று எழுதி அனுப்பினாள். நினைவுக்கும் அடையாளத்துக்கும் இடையே நிகழும் உரையாடல் என்று ஏதோ வந்தது. "நான் யாருகிட்ட கண்ணு உரையாடுனேன்?" என்று அதையும் தள்ளிவிட்டாள். சரி, நீயே எழுது என்று போனைக் கையில் கொடுத்தோம். கட்டைவிரலை எழுத்துகளுக்கு மேலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தைகூட வரவில்லை. அந்த இடத்தைக் காலியாகவே விட்டோம். தன் போட்டோவும் வேண்டாம் என்றுவிட்டாள். வட்டத்துக்குள் சாம்பல் நிறத்தில் ஆளில்லாத ஒரு தலை மட்டும் இருந்தது.

பக்கம் பரிசீலனையில் இருப்பதாகச் சொன்னார்கள். அதன் பிறகு அவள் பத்தாம் வகுப்பு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி ஆகிவிட்டாள். கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டாள். ஆனால் சப்பாத்தி தேய்க்கும்போது போன் மாவுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருந்தது. ஒருநாள் மாலை, கையில் மாவோடு ஓடிவந்து என் முகத்துக்கு நேரே போனை நீட்டினாள். ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ஐந்து முகங்களும் வரிசையாக இருந்தன. முதலில் மச்சான்.

அந்தச் சந்தோஷம் மறுநாள் காலை வரைகூடத் தாங்கவில்லை.

அந்தத் தளத்தில் ஒரு வசதி உண்டு. படத்தின் அளவைக் கொடுத்துவிட்டால், அது ஒரு வீட்டுச் சுவரில் மாட்டினால் எப்படி இருக்கும் என்று அதுவே காட்டும். சந்தன நிறச் சுவர். நடுவில் மச்சானின் முகம். படத்துக்கு மேலே பித்தளை விளக்கு ஒன்று மஞ்சளாக எரிகிறது. கீழே மேசையில் ஒரு ஜாடி, அதில் வெள்ளைப் பூக்கள். பார்க்க அவ்வளவு அழகு. எங்கள் மகள் பெருமை தாங்காமல், ஒரு வார்த்தையும் எழுதாமல், அதை அப்படியே சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள்.

எங்கள் ஊர்ப் பக்கம் கல்யாணப் போட்டோ ஜோடியாகச் சுவரில் இருக்கலாம். பிள்ளைகள் பட்டம் வாங்கியது இருக்கலாம். ஆனால் ஒரு ஆளின் முகம் தனியாக, பெரிதாக, மேலே விளக்கு எரிய, கீழே பூவோடு சுவரில் இருந்தால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு. அந்த ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

முதலில் யாரோ இரங்கல் போட்டார்கள். அவ்வளவுதான், ஆடு மந்தையாக எல்லோரும் பின்னாலேயே வந்தார்கள். எப்போது எடுக்கிறார்கள் என்று ஒருவர் கேட்டார். நல்ல மனுஷன், போன மாசம்தான் போனில் பேசினேன் என்று ஒருவர் எழுதினார். நான் கடையைத் திறப்பதற்குள் என் போன் சூடாகிவிட்டது. இல்லைங்க, உயிரோடுதான் இருக்கிறார், அது படம், என் மனைவி வரைந்தது என்று ஒவ்வொருவருக்கும் சொல்லி மாளவில்லை. "அப்பறம் ஏனுங்க செவுத்துல மாட்டுனீங்க?" என்று திருப்பிக் கேட்டார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது? நாங்கள் மாட்டவில்லை, கம்ப்யூட்டர் மாட்டியது என்றால் யார் கேட்கிறார்கள்?

மச்சானையே பேச வைத்துவிடலாம் என்றால் அவர் சத்தீஸ்கர் பக்கம் டவர் இல்லாத ஏதோ காட்டில் இருந்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றே வந்துகொண்டிருந்தது. அது வேறு எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றியது.

மத்தியானம் எருமப்பட்டியிலிருந்து என் மனைவியின் பெரியப்பா வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் பெரிய ரோஜா மாலை. திருச்செங்கோட்டுக்குப் போகும் வழியில் எங்களையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று வந்திருக்கிறார். வீட்டில் அழுகைச் சத்தமே இல்லையே என்று வாசலில் தயங்கி நின்றார். உள்ளே என் மனைவி தோசைக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு முகம் அசடு வழிந்தது. காப்பி குடித்துவிட்டு, மாலையை மஞ்சள் பைக்குள் திணித்துக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் பஸ் ஏறினார். நான் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று சாயங்காலம் மச்சானின் மனைவி கூப்பிட்டார். காலையிலிருந்து புருஷனின் குரலைக் கேட்காமல், வருகிற இரங்கலை எல்லாம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த மனுஷி. அவரைக் குறை சொல்ல முடியாது.

"உசுரோட இருக்கற மனுசன இப்பிடிச் செவுத்துல ஏத்திப்போட்டயே அம்மிணி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். போனை வைத்துவிட்டார்.

என் மனைவி நேராகப் போய் அண்ணன் படத்தை வேட்டியில் சுற்றினாள். கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். மற்ற நான்கையும் தள்ளினாள். "அந்தப் பக்கத்த எடுத்துருங்க. எல்லாத்தையும் எடுத்துருங்க. அண்ணனுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நான் என்னங்க பண்ணுவேன்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. சுவர் மீது கோபம், விளக்கு மீது கோபம், அந்த வெள்ளைப் பூ மீது கோபம். உலகத்தில் யாரோ ஒருவர் நின்று பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டவளைச் சொந்தக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்களே என்று கத்தினேன். ஆனால் யாரிடம் கத்துவது? மகள் அழுதுகொண்டு, இப்போதே நீக்கிவிடுகிறேன் என்றாள். வேண்டாம், மாமா வரட்டும் என்று அவளைத் தடுத்தேன். மனைவியிடம், கடவுச்சொல் மறந்துவிட்டதாம், விசாரிக்கிறார்கள் என்று ஏதேதோ சொல்லித் தாக்காட்டினேன்.

ஒருவழியாக மச்சானுக்கு டவர் கிடைத்தது. எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவரோ தேங்காய் உடைக்காமல், டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைக்காமல் ஒரு அடிகூடத் துளைக்காத ஆள். சிரிக்கவில்லை. பிறகு, "சரி மாப்ள. நான் வந்து பாத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னார். அதை அப்படியே அவளிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அதன் பிறகு அவள் தூரிகையைத் தொடவில்லை. முட்டை அட்டைக் குழிகளில் வண்ணம் காய்ந்து வெடித்துக் கிடந்தது. பால்காரர் வந்தால் குனிந்தபடியே பாலை வாங்கினாள். யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

மச்சான் ஊர் திரும்பிய தகவல் வந்தது. வந்த கையோடு எருமப்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை இருந்ததாம். அதை முடித்துவிட்டு நேரே எங்கள் வீட்டு வாசலில் வந்து ஜீப்பை நிறுத்தினார். அன்று போலவே தலையிலிருந்து கால் வரை கல்மாவு. அன்று போலவே கேட்டுக்கு வெளியே நின்றார்.

"எங்க அம்மிணி, அந்தப் படம்? கொண்டா பாப்போம்."

அவள் எடுத்துக்கொண்டு வந்தாள். வேட்டியைப் பிரித்து நீட்டினாள். அவர் கைகளைப் பேண்டில் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினார். வெயிலுக்குத் திருப்பிப் பிடித்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். தெருவில் இரண்டு முட்டை வண்டிகள் போய்விட்டன, அவர் நிமிரவில்லை.

"இது எப்ப?"

"அன்னைக்கு இங்க நின்னு தண்ணி குடிச்சீங்களேங்ண்ணா. அப்ப."

"அன்னைக்குச் சிரிச்சுக்கிட்டுத்தான அம்மிணி நின்னேன்?"

"ஆமாங்ண்ணா. வாயி சிரிச்சுது. கண்ணு சிரிக்கலைங்களே."

அவர் படத்தை இறக்கினார். என் பக்கம் திரும்பினார். "அன்னைக்குப் போட்ட போரு பொய்யாப் போச்சு மாப்ள. எத்தன அடி போயும் வெறும் கல்மாவுப் பொகைதான். ஒரு பொட்டுத் தண்ணி இல்ல. அந்தத் தோட்டத்துக்காரன் வரப்புல உக்காந்து அழுதான். அவன உட்டுப்போட்டு நான் இங்க வந்து செம்புத் தண்ணி குடிச்சேன். இத நான் என் சம்சாரத்துகிட்டக்கூடச் சொல்லல."

நானும்தான் அன்று அங்கே நின்றேன். சிரிப்பை மட்டும்தான் பார்த்தேன். இந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்த நாளில் என்னை எது இழுத்தது என்று அப்போதுதான் புரிந்தது. என் மனைவியைப் பார்த்தேன். அவளோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியதற்கு எனக்கு அன்று பெருமையாக இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

"அந்தப் பக்கத்த எடுத்துரட்டுங்களாண்ணா?" என்று கேட்டாள்.

"எதுக்கு எடுக்கோணும்? செவுத்துல மட்டும் வேண்டாஞ் சாமி. நான் இன்னும் எத்தனையோ போரு போடோணும்." சொல்லிவிட்டு அவரே படத்தை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். "மாப்ள, போட்டோ எடுங்க. படத்துல இருக்கறவன்தான் படத்தப் புடிச்சுக்கிட்டு நிக்கறான்னு தெரியோணும். பாக்கற எவனும் மால வாங்கப்படாது. அம்மிணி, நீயும் வா. தள்ளி நிக்காத."

அவள் நைட்டிக்கு மேலே துண்டைப் போட்டுக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று பின்வாங்கினாள். அவர் தோளைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். துண்டில் ஐந்து விரலும் சாம்பலாகப் பதிந்தது. நான் எடுத்தேன். மேலே ஒரு சாம்பல் முகம், கீழே ஒரு சாம்பல் முகம், பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் என் மனைவி. ஆளில்லாத தலை இருந்த வட்டத்தில் அன்று அந்தப் படம் ஏறியது. சுவரில் மாட்டிக் காட்டும் வசதியை மகள் தேடிப் பிடித்து அணைத்தாள்.

அன்று மாலை என் மனைவி போனை எடுத்து, காலியாகக் கிடந்த அந்த இடத்தில் ஒரே ஒரு வரி எழுதினாள். உயிரோடு இருப்பவர்களை வரைகிறேன். யாரையும் கேட்கவில்லை. பொத்தானை அழுத்திவிட்டு மாவு கரைக்கப் போனாள்.

மற்றவர்களையும் அவரவர் படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லிப் புதிதாகப் போட்டோ எடுத்தோம். பால்காரர் கேனைக் கீழே வைக்க மறந்து ஒரு கையால் பிடித்தார். சேந்தமங்கலம் சந்தையில் அன்னாசி விற்கும் அம்மாள், பழத்தையும் சேர்த்து எடு என்றார். மாலையோடு வந்த பெரியப்பா, "என்னையும் ஒண்ணு வரை அம்மிணி, நானும் புடிச்சுக்கிட்டு நிக்கறேன்" என்று இப்போது நச்சரிக்கிறார்.

கொஞ்ச நாள் கழித்து அந்தப் பக்கத்தில் ஒரு செய்தி வந்திருந்தது. எந்த ஊர் என்றே எங்களுக்குத் தெரியாத ஒரு ஆள். ஆங்கிலத்தில் இரண்டே வரி. இந்த மனிதரின் வாய் சிரிக்கிறது, கண் சிரிக்கவில்லை. இப்போது அவர் நலமாக இருக்கிறாரா?

என் மனைவி அதைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். போனை என்னிடம் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். கழுவுவதற்குப் பாத்திரம் எதுவும் இல்லை.

திரும்பி வந்து பதில் எழுதும் முன் அண்ணனைக் கூப்பிட்டாள். அவர் எங்கோ வேலையில் இருந்தார். பின்னால் கம்ப்ரசர் இரைச்சல், ஆட்களின் கூச்சல். "தண்ணி வந்துருச்சு அம்மிணி, சத்தம் கேக்குதா?" என்று கத்தினார். கேட்குது என்று இவளும் கத்தினாள்.

பிறகு உட்கார்ந்து நிதானமாக எழுதினாள். நலமாக இருக்கிறார். இப்போதுதான் பேசினேன். இன்று தண்ணீர் வந்துவிட்டது.